புது லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள் வாங்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பென்சில்வேனியாவில் மான் வேட்டைக்கு செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் (ஒவ்வொரு முறை சுட்டதும் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்வது) எடுத்துப் போகக் கூடாது. அதனால் இங்கே குடிவந்து வேட்டை பழகும் நம் ஆட்கள் பெரும்பாலும் போல்ட் ஆக்‌ஷன், லீவர் ஆக்‌ஷன் இரண்டில் ஒன்றில் வந்து நிற்கிறார்கள். முதலாவதில் பக்கவாட்டுக் கைப்பிடியாலும், இரண்டாவதில் விசைக்கு அடியில் இருக்கும் லீவராலும் ஒவ்வொரு தோட்டாவையும் கையால் ஏற்ற வேண்டும். மரங்கள் அடர்ந்த மலைச்சரிவில் மான் பெரும்பாலும் நூறு கஜத்துக்குள்தான் கண்ணில் படும். அந்த இடத்துக்குக் குட்டையான, தட்டையான, சட்டென்று தோளுக்கு வரும் லீவர் ரைஃபிளைப் போல வசதியானது வேறில்லை என்பது என் எண்ணம். செப்டம்பர் பிறந்துவிட்டால் போதும், புதிதாக வாங்கப் போகும் நண்பர்கள் அழைக்க ஆரம்பித்துவிடுவார்கள். கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். அவற்றையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் தரம் பார்க்க முடியாதா?

முடியாது. ஆனால் தெரிந்துகொள்வது கடினமில்லை.

குழலுக்குக் கீழே பெரும்பாலும் அதே நீளத்தில் ஒரு குழாய் இருக்கிறது. அதுதான் மேகசின். தோட்டாக்கள் அதற்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். ஒரு ஸ்பிரிங் அவற்றைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். லீவரை முன்னால் தள்ளினால் முதலில் பூட்டுக்கட்டை இறங்கி, குழலின் பின்பக்கத்தை அடைத்து நிற்கும் போல்ட்டை விடுவிக்கும். போல்ட் பின்வாங்கும்போது அதன் கொக்கி காலிக் கூட்டை இழுத்து வரும். எஜெக்டர் அதை வெளியே தட்டிவிடும். லீவர் கடைசி வரை போனதும் கேரியர் என்ற சிறு மேடை அடுத்த தோட்டாவைத் தூக்கிக் குழலின் வாய்க்கு நேரே நிறுத்தும். லீவரைத் திரும்ப இழுத்தால் போல்ட் அந்தத் தோட்டாவை உள்ளே தள்ளும், பூட்டுக்கட்டை ஏறிப் பூட்டும், தோட்டாவை வெடிக்க வைக்கும் ஹேமர் (சுத்தியல்) பின்னால் நின்றிருக்கும். சுடலாம்.

தறியில் நாடா ஓடுவதை நினைத்துப் பாருங்கள். நாடாவும் விழுதும் மரமும் அதனதன் நேரத்தில் அசைந்தால்தான் துணி வரும். ஒன்று அரை நொடி பிந்தினாலும் இழை அறுந்துவிடும். லீவர் ரைஃபிளும் அப்படித்தான். குழல் நல்ல குழலாக இருக்கலாம், கட்டை அழகான வால்நட் மரமாக இருக்கலாம். கேரியர் கொஞ்சம் முன்னதாக எழுந்தாலோ பிந்தி எழுந்தாலோ அந்தத் துப்பாக்கியை நம்பிக் காட்டுக்குள் போக முடியாது. நான் தரம் பார்ப்பது முழுக்க இதை வைத்துத்தான்: மேகசினிலிருந்து கிளம்பும் தோட்டா தடங்கலின்றிக் குழலின் பின்முனையில் உள்ள அறைக்குள் போய், காலியாகி, வெளியே விழுகிறதா?

பழைய ரைஃபிள்தான் உசத்தி, புதியதெல்லாம் மட்டம் என்கிறார்களே?

இந்தப் பேச்சுக்கு உண்மையான காரணங்கள் இருக்கின்றன. ஆனால் அது இன்று முழு உண்மை இல்லை.

முதல் காரணம் 1964. ஜான் பிரவுனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 94 அதுவரை எஃகைக் கடைந்து செய்த பாகங்களோடு வந்தது. செலவைக் குறைப்பதற்காக அந்த வருடம் பலவற்றை மாற்றினார்கள். கேரியரைத் தகட்டை அழுத்திச் செய்தார்கள், திடமான பின்களுக்குப் பதிலாக உள்ளே கூடான சுருள் பின்களைப் போட்டார்கள், இந்தப் பாகங்களையெல்லாம் தாங்கும் நடு உடலான ரிசீவருக்கு வேறு உலோகக் கலவையைப் பயன்படுத்தினார்கள். அந்தக் கலவையில் வழக்கமான நீலப் பூச்சு சரியாகப் பிடிக்கவில்லை. அன்றிலிருந்து இன்று வரை ‘1964-க்கு முந்தியது’ என்று சொல்லித்தான் பழைய வின்செஸ்டரை விலை பேசுகிறார்கள்.

இரண்டாவது காரணம் மார்லின் நிறுவனம். கனெக்டிகட் மாநிலத்தின் நார்த் ஹேவனில் இருந்த அதன் தொழிற்சாலையை, ரெமிங்டன் துப்பாக்கி நிறுவனத்தை வைத்திருந்த குழுமம் வாங்கி, பிறகு மூடியது. 2011 வாக்கில் உற்பத்தி நியூயார்க் மாநிலத்தின் இலியனுக்குப் போனது. இயந்திரங்களை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய்விடலாம். அவற்றின் தேய்மானத்தை அறிந்து, கடைசி உரசலைக் கையால் சரிசெய்து பழகிய தொழிலாளிகளைக் கொண்டுபோக முடியவில்லை. அடுத்த சில வருடங்களில் வந்த மார்லின்களில், குறிபார்க்கக் குழலின் முனையில் இருக்கும் முன்குறி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, மரத்துக்கும் இரும்புக்கும் நடுவே இடைவெளி தெரிந்தது, லீவர் மணலில் உரசுவது போல ஓடியது, தோட்டா ஏறாமல் சிக்கியது. இரண்டு பெயர்களையும் ஒட்டி ‘ரெம்லின்’ என்று வேட்டைக்காரர்கள் அழைக்கத் தொடங்கியது அப்போதுதான். பிந்திய வருடங்களில் இலியனிலிருந்து வந்தவை கணிசமாகத் தேறியிருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். கெட்ட பெயர்தான் நிலைத்துவிட்டது.

2020-ல் ரெமிங்டன் திவாலாகி ஏலத்துக்கு வந்தபோது மார்லினை ரூகர் என்ற துப்பாக்கி நிறுவனம் வாங்கியது. உடனே எதையும் விற்கவில்லை. ஒரு வருடத்துக்கும் மேல் எடுத்துக்கொண்டு, உற்பத்தி முறையைப் புதிதாக அமைத்து, வட கரோலினாவின் மேயோடனில் கணினி வழி இயங்கும் இயந்திரங்களில் செய்து, 2021 டிசம்பரில்தான் முதல் 1895 மாடலை வெளியே விட்டது. அந்த நிதானம் பொருளில் தெரிகிறது. நான் கையாண்ட மேயோடன் மார்லின்களில் மரமும் இரும்பும் சேரும் இடத்தில் நகம் நுழையவில்லை; லீவர் பெட்டியிலிருந்து எடுத்த அன்றே வழுவழுவென்று ஓடியது. பழைய நார்த் ஹேவன் துப்பாக்கிகள் பலவற்றைவிட இவை நன்றாகச் செய்யப்பட்டவை என்று எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்வேன்.

‘புதிது, பழையது’ என்று இரண்டாகப் பிரிப்பது உதவாது. எந்த ஊரில், எந்த வருடத்தில், யார் கையில் என்று கேளுங்கள்.

மார்லினில் எது எங்கே செய்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ரிசீவரை ஒட்டிக் குழலின் பக்கவாட்டில் ஒரு சிறு முத்திரை இருக்கும். ஜே, எம் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் இருந்தால் குழல் நார்த் ஹேவனுடையது. ஆர், இ, பி என்று மூன்று எழுத்துகள் இருந்தால் ரெமிங்டன் காலத்தது. இடமாற்றத்தின்போது மிச்சமிருந்த பழைய குழல்களைப் புது ரிசீவர்களில் பொருத்தியதும் உண்டு. அதனால் ஜே.எம். முத்திரையை மட்டும் பார்த்துக் கூடுதல் விலை கொடுத்துவிடாதீர்கள். ரூகர் செய்தவற்றில் வரிசை எண் ஆர், எம் என்று தொடங்கும். குழலில் மேயோடன் என்ற ஊர்ப் பெயரும் இருக்கும்.

இன்றைய வின்செஸ்டர் ஜப்பானில் செய்வதாமே? அதை வாங்கலாமா?

தாராளமாக. நியூ ஹேவனில் இருந்த அமெரிக்கத் தொழிற்சாலை 2006-ல் மூடப்பட்டது. இப்போது 94, 92, 86, 73 மாடல்கள் எல்லாம் ஜப்பானின் கோச்சி மாகாணத்தில் உள்ள மிரோகு நிறுவனத்தில் தயாராகின்றன. பிரவுனிங் துப்பாக்கிகளைப் பல பத்தாண்டுகளாகச் செய்துவரும் அதே இடம்தான். மரவேலை, மெருகு, பாகங்கள் பொருந்தும் விதம் மூன்றிலும் இந்த விலையில் இவற்றுக்கு ஈடு குறைவு.

குறை சொல்வதானால், 94-ல் கட்டைவிரல் படும் இடத்தில் சேர்த்திருக்கும் பாதுகாப்புப் பொத்தானும், சுட்ட பிறகு தானாகச் சற்றுப் பின்வாங்கி நிற்கும் ஹேமரும் பழைய அமைப்பில் இல்லாதவை. பழைய வின்செஸ்டரில் பழகியவர்களுக்கு இது உறுத்துகிறது. விசையும் அதனால் கொஞ்சம் கனம் என்று சிலர் சொல்கிறார்கள். நம்பகத்தன்மை குறைந்ததாக நான் பார்க்கவில்லை.

ஹென்றி ரைஃபிள் எப்படி?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். 1860-ல் பெஞ்சமின் டைலர் ஹென்றி காப்புரிமை பெற்ற ரைஃபிளுக்கும் இன்றைய ஹென்றி நிறுவனத்துக்கும் தொடர்ச்சி கிடையாது. இன்றைய நிறுவனம் 1990-களில் நியூயார்க்கின் புரூக்ளினில் தொடங்கி, நியூ ஜெர்சி போய், இப்போது விஸ்கான்சினில் இருக்கிறது. பெயர் மட்டும்தான் பழையது.

லீவர் சீராக ஓடுவதில் இவர்களுக்கு நல்ல பெயர் உண்டு, அது நியாயமான பெயர். 22 காலிபர் (காலிபர் என்பது குழலின் உள்விட்ட அளவு) சின்ன ரைஃபிளில் ரிசீவரின் வெளி உறை துத்தநாகக் கலவையால் ஆனது என்று பலர் குறைப்படுகிறார்கள். 22 தோட்டாவின் குறைந்த அழுத்தத்துக்கு அது போதும். பிள்ளைகளுக்குச் சுடப் பழக்க நான் முதலில் கையில் கொடுப்பது அதைத்தான்.

பெரிய காலிபர்களில் கவனிக்க வேண்டியது தோட்டா நிரப்பும் முறை. பல மாடல்களில் மேகசினின் உள்குழாயை முன்புறம் உருவித்தான் நிரப்ப வேண்டும். பக்கவாட்டு வாசல் வைத்த மாடல்கள் 2019 முதல்தான் வந்தன. வேட்டையில் சுட்ட ஒன்றுக்குப் பதிலாக உடனே ஒன்றைப் போட்டுக்கொள்ள வேண்டுமானால் பக்க வாசல் இருப்பதை வாங்குங்கள். உள்குழாய் முறைக்கும் ஒரு நன்மை இருக்கிறது: வேட்டை முடிந்து வண்டியில் ஏறும்போது மேகசினில் இருக்கும் எல்லாத் தோட்டாக்களையும் முன்வழியாகவே கொட்டிவிடலாம், ஒவ்வொன்றாக லீவரை ஓட்டி எடுக்க வேண்டியதில்லை. பித்தளை ரிசீவர் கனம் அதிகம். நாள் முழுக்கத் தோளில் போட்டு நடப்பவர்கள் எஃகு ரிசீவர் மாடலைப் பாருங்கள்.

விலை குறைவாக ரோஸி கிடைக்கிறதே?

பிரேசிலில் செய்யும் ரோஸி ஆர்92, வின்செஸ்டர் 1892-ன் நகல். பிரவுனிங்கின் அந்த அமைப்பில் போல்ட்டின் இரு பக்கமும் இரண்டு பூட்டுக்கட்டைகள் ஏறி நிற்கும். சிறியது, ஆனால் மிகவும் உறுதியானது. அமைப்பில் குறையே இல்லை. குறை கடைசி மெருகில்தான். பெட்டியிலிருந்து எடுத்ததும் லீவர் சொரசொரக்கும், எஜெக்டர் ஸ்பிரிங் தேவைக்கு மேல் இறுக்கமாக இருக்கும், வாசல் தகட்டின் ஓரம் விரலைக் கீறும். கொஞ்சம் பொறுமையும் மெல்லிய உரசுக்கல்லும் இருந்தால், அல்லது தெரிந்த துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்தால், நல்ல ரைஃபிளாக மாறிவிடும். ஆனால் ஒன்றுக்கொன்று வேறுபாடு அதிகம். கடையில் மூன்று இருந்தால் மூன்றையும் எடுத்துப் பார்த்து வாங்குங்கள்.

இத்தாலியில் செய்யும் வின்செஸ்டர் 1873 நகல்கள் நம்பகமானவையா?

உபெர்ட்டி நிறுவனம் செய்வது மாதிரியானவை தோட்டா ஏற்றுவதில் மிக நம்பகமானவை. கேரியர் ஒரு கனச்செவ்வகக் கட்டி; தோட்டாவை லிஃப்ட் போல நேராகத் தூக்கும். கௌபாய் பாணிப் போட்டிகளில் வேகமாகச் சுடுபவர்கள் அதையே விரும்புவதற்குக் காரணம் அதுதான். ஆனால் அதன் பூட்டு, முழங்கால் மடங்குவது போல மடங்கி நிமிரும் இணைப்பு. 1892-ன் பூட்டுக்கட்டை அளவுக்கு வலுவில்லை. அதிக அழுத்தத்தில் தயாரித்த தோட்டாக்களை இதில் போட வேண்டாம்.

கடையில் கையில் வாங்கியதும் என்னென்ன பார்க்க வேண்டும்?

முதலில் காலி என்று உறுதி செய்யுங்கள். லீவரைத் திறந்து, அறைக்குள்ளும் கேரியர் மேலும் மேகசின் வாயிலும் கண்ணாலும் விரலாலும் பாருங்கள். கடைக்காரர் பார்த்துக் கொடுத்தாலும் நீங்களும் பாருங்கள்.

அப்புறம் பின்னாலிருந்து குறிகளை நேராக நோக்குங்கள். ரிசீவரின் மேல்தளம் கிடைமட்டமாக இருக்கும்போது முன்குறி நட்டுக்கு நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் குழலை அளவுக்கு மேலோ குறைவாகவோ முறுக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். குறியை நகர்த்தி அதைச் சரிசெய்ய முடியாது. வேறு ரைஃபிளைக் கேளுங்கள்.

மரமும் இரும்பும் சேரும் இடங்களைப் பாருங்கள். சின்ன இடைவெளி அழகுக் குறை மட்டும்தான். ஆனால் பின்கட்டை ரிசீவரோடு சேரும் இடத்தில் ஆட்டம் இருந்தால் விட்டுவிடக் கூடாது. பின்னுதை ஒவ்வொரு முறையும் அங்கேதான் விழும், நாளடைவில் மரம் வெடிக்கும். கட்டையைப் பிடித்து இரண்டு பக்கமும் அசைத்துப் பாருங்கள்.

லீவரை மிக மெதுவாகத் திறந்து மூடுங்கள். வேகமாக ஓட்டினால் குறைகள் மறைந்துவிடும். கடைக்காரர்கள் பெரும்பாலும் படபடவென்று ஓட்டித்தான் காட்டுவார்கள். மெதுவாக ஓட்டும்போது எந்த இடத்தில் பிடிக்கிறது, எந்த இடத்தில் சொரசொரக்கிறது என்று கை சொல்லும். புதிய ரைஃபிளில் சீரான இறுக்கம் இருப்பது சரிதான், பழகப் பழகப் போய்விடும். ஒரே ஒரு இடத்தில் தட்டி நிற்பது சரியில்லை.

மூடிய நிலையில் பூட்டுக்கட்டையைப் பாருங்கள். மார்லின் வகையில் அடியிலிருந்து ஏறும், 94-ல் போல்ட்டின் பின்னால் ஏறும். முழுதாக ஏறி உட்கார்ந்திருக்க வேண்டும். லீவர் தன் எடையால் தொங்கித் திறக்கக் கூடாது.

நிரப்பும் வாசலின் தகட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அதன் ஓரம் கத்தி போல இருந்தால் அதைச் சரிசெய்யலாம்; ஸ்பிரிங் விரலே போகாத அளவுக்கு இறுக்கமாக இருந்தால் குளிரில் கையுறையோடு நிரப்பத் தடுமாறுவீர்கள்.

குழலின் முனையைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். வரிப்பள்ளங்கள் முடியும் அந்த வட்டத்தில் பிசிறோ கீறலோ இருந்தால் துல்லியம் கெடும். உள்ளே வெளிச்சம் விட்டுப் பார்த்தால் கடைந்த கருவியின் தடங்கள் தெரிகின்றனவா என்றும் கவனியுங்கள், முக்கியமாகத் தோட்டா அமரும் அறையில்.

அறை அவ்வளவு முக்கியமா?

ஆமாம், எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். நான் முதலில் வாங்கிய, 30-30 என்ற தோட்டா வகைக்கான புது ரைஃபிள் பார்க்க அருமையாக இருந்தது. லீவரும் நன்றாக ஓடியது. மைதானத்தில் முதல் பெட்டித் தோட்டா தீரும் வரை ஒரு தொந்தரவும் இல்லை. இரண்டாம் பெட்டியில் குழல் சூடானதும் காலிக் கூடு அறையிலேயே ஒட்டிக்கொண்டது. லீவரை இரண்டு கையாலும் இழுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. எடுத்த கூட்டைத் திருப்பிப் பார்த்தால் அதன் உடம்பில் சுற்றிச் சுற்றி மெல்லிய வளையக் கோடுகள், விளிம்பில் கொக்கி கிழித்த தடம். அறையைக் கடைந்தவர்கள் மெருகிடாமல் விட்டிருக்கிறார்கள். சுடும்போது பித்தளை விரிந்து அந்தக் கோடுகளுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. நிறுவனத்துக்கு அனுப்பினேன், ஏழு வாரம் கழித்து அறையை மெருகிட்டு அனுப்பினார்கள். அதற்குள் அந்த வருட மான் பருவம் முடிந்துவிட்டது. அந்த ரைஃபிள் இன்றும் என்னிடம் இருக்கிறது, அதன்பின் ஒருமுறைகூடச் சிக்கியதில்லை. ஆனால் மான் எதிரே நிற்கும்போது அது ஒட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடிவதில்லை.

சுடாமலே தோட்டா ஏறுவதைச் சோதிக்க வழி உண்டா?

டம்மி தோட்டா வாங்குங்கள். வெடிமருந்தும், அடி விழுந்ததும் அதைப் பற்றவைக்கும் பிரைமரும் இல்லாதது. உண்மைத் தோட்டாவின் நீளமும் வடிவமும் இருக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் வருபவை கனம் குறைவு, சரியான சோதனை ஆகாது.

மேகசின் கொள்ளும் அளவு முழுக்க நிரப்புங்கள். ஒரு தடவை மெதுவாக, ஒரு தடவை சாதாரண வேகத்தில், ஒரு தடவை முழு வேகத்தில் ஓட்டிக் காலியாக்குங்கள். பிறகு துப்பாக்கியைப் பக்கவாட்டில் சாய்த்தும், முனையை மேலே தூக்கியும் கீழே இறக்கியும் அதையே செய்யுங்கள். முதல் தோட்டாவும் கடைசித் தோட்டாவும்தான் பெரும்பாலும் தகராறு செய்யும். முதலாவதில் ஸ்பிரிங்கின் அழுத்தம் மிக அதிகம், கடைசியில் மிகக் குறைவு.

இன்னொன்று: லீவரைப் பாதியில் நிறுத்திப் பாருங்கள். கேரியர் மேல் ஒரே ஒரு தோட்டா இருக்க வேண்டும். இரண்டாவது தோட்டாவின் பின்பகுதி மேகசினிலிருந்து எட்டிப் பார்த்தால், அல்லது கேரியருக்கு அடியில் நழுவினால், எல்லாம் இறுகிப் பூட்டிக்கொள்ளும். ‘மார்லின் ஜாம்’ என்று பெயரே பெற்ற சிக்கல் இதுதான். லீவரின் கூரான ஓரம் கேரியரை அரித்து அரித்து, அது எழும் நேரம் தவறிப்போவதால் வருவது. பழைய மார்லின் 1894 மாடல்களில் அதிகம். புதியதில் லீவரின் அந்த ஓரம் உருண்டையாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

தோட்டா சிக்குவது எப்போதும் துப்பாக்கியின் குறைதானா?

இல்லை. புதிதாகப் பழகுபவர்கள் லீவரைக் கடைசி வரை தள்ளுவதில்லை. பயத்தால் அரைகுறையாகத் தள்ளித் திரும்ப இழுப்பார்கள். கேரியர் எழுந்திருக்காது, சிக்கிவிடும். முன்னால் போகும்போது முட்டும் வரை தள்ளுங்கள், பின்னால் வரும்போது கட்டையில் மோதும் வரை இழுங்கள். தயங்காமல் செய்ய வேண்டும். துப்பாக்கியைத் திருப்பி அனுப்பும் முன் அனுபவமுள்ள ஒருவர் கையில் கொடுத்து ஓட்டச் சொல்லிப் பாருங்கள்.

தோட்டாவும் காரணமாக இருக்கலாம். 357 மேக்னம் ரைஃபிளில் 38 ஸ்பெஷலும் போடலாம், பாதுகாப்பானதுதான். ஆனால் அது நீளம் குறைவு. சில கேரியர்களுக்கு அந்தச் சிறு வித்தியாசமே போதும், ஏற்றும்போது தடுமாறும். அகலமான தட்டை முனைக் குண்டுகளும் அறையின் வாயில் இடிக்கும். இரண்டு மூன்று வகைத் தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்து, உங்கள் துப்பாக்கிக்குப் பிடித்தது எது என்று கண்டுபிடித்து அதிலேயே நில்லுங்கள்.

குழாய் மேகசினில் கூர்முனைக் குண்டு போடவே கூடாது. ஒன்றின் கூர்முனை முன்னால் இருக்கும் தோட்டாவின் பிரைமரில் நேராக முட்டிக்கொண்டிருக்கும். பின்னுதையின் அதிர்ச்சியில் மேகசினுக்குள்ளேயே வெடிக்கலாம். தட்டை முனை அல்லது உருண்டை முனைதான். லீவர் ரைஃபிளுக்கென்றே ரப்பர் போன்ற மிருதுவான முனையோடு ஹார்னடி நிறுவனம் செய்வது விதிவிலக்கு. பிரவுனிங் பி.எல்.ஆர். போலப் பெட்டி மேகசின் உள்ளவற்றுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

எத்தனை தோட்டா சுட்ட பிறகு நம்பலாம்?

என் கணக்கு இருநூறு. பின்னுதை கனமான 45-70 தோட்டாவுக்கு நூறு. இது யாரும் வகுத்த விதி இல்லை, நான் வைத்திருக்கும் எல்லை.

முதல் இருபதுக்குப் பிறகு எல்லாத் திருகுகளையும் சரிபாருங்கள். லீவர் திருகும் மேகசின் மூடியின் திருகும் தளர்வது புது ரைஃபிளில் சாதாரணம். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு காலிக் கூட்டை எடுத்து வைத்துப் படியுங்கள். பிரைமரின் நடுவில் பள்ளம் ஆழமாக விழுந்திருக்க வேண்டும். ஓரத்தில் விழுந்தாலோ ஆழமில்லாமல் இருந்தாலோ கவனிக்க வேண்டும். 30-30-ல் பிரைமர் ஒரு மயிரிழை வெளியே நிற்பது உண்டு. நன்றாகத் துருத்தி நின்றால், அல்லது கூட்டின் அடிப்பக்கம் பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தால், போல்ட்டுக்கும் குழலுக்கும் நடுவே இடைவெளி அதிகம் என்று பொருள். அதற்குமேல் ஒரு தோட்டாகூடச் சுடாதீர்கள். மெக்கானிக் அளவுக்கோல் வைத்து அளக்கட்டும்.

துல்லியம் எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

100 கஜத்தில் மூன்று குண்டுகள் 3 அங்குலத்துக்குள் விழுந்தால் மான் வேட்டைக்குப் போதும். இன்றைய நல்ல ரைஃபிள்கள் 2 அங்குலத்துக்குள் போடும், சில அதற்கும் குறைவாக. குழலில் மேகசினையும் முன்கட்டையையும் வளையங்களால் கட்டியிருப்பதால் சூடேறும்போது குண்டு விழும் இடம் நகரும். அதனால் ஐந்து ஆறு என்று தொடர்ந்து சுட்டு மதிப்பிடாதீர்கள். மூன்று சுட்டு, ஆறவிட்டு, மறுபடி மூன்று. வேட்டைக்கு வேண்டியது ஆறின குழலின் முதல் குண்டு எங்கே விழுகிறது என்பது.

பாதுகாப்புப் பொத்தான் இருப்பது நல்லதா, தொல்லையா?

அது இருந்தால் அது இருக்கும் இடம் விரலுக்குப் பழக வேண்டும். குறுக்குப் பொத்தான் உள்ள ரைஃபிளில் அது பூட்டிய நிலையில் இருந்தாலும் ஹேமர் விழும். ‘டிக்’ என்ற சத்தம் மட்டும் வரும், மான் ஓடிவிடும். வாங்கும்போது பார்க்க வேண்டியது ஒன்று: ஹேமர் அரைப் பூட்டில் (பாதி இழுத்த நிலையில்) நிற்கும்போது விசையை அழுத்தினால் விழக் கூடாது. காலித் துப்பாக்கியில், முனையைப் பாதுகாப்பான பக்கம் திருப்பி வைத்துச் சோதியுங்கள்.

இணையத்தில் வாங்கினால் எப்படிப் பார்ப்பது?

அமெரிக்காவில் இணையத்தில் வாங்கிய துப்பாக்கி உங்கள் வீட்டுக்கு வராது, உரிமம் பெற்ற உள்ளூர் விற்பனையாளரிடம்தான் வரும். அங்கே 4473 என்ற படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்த பிறகே கையில் தருவார்கள். படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் பெட்டியைத் திறந்து, மேலே சொன்னவற்றையெல்லாம் பாருங்கள். உங்கள் பெயருக்கு மாறிய பிறகு அது பழைய துப்பாக்கி. விற்றவர் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார், உற்பத்தியாளரின் பழுதுபார்ப்பு ஒன்றுதான் வழி. நான் ஒருமுறை குறி சாய்ந்திருந்த ஒன்றை அந்த மேஜையிலேயே மறுத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை.

நம்மவர்களுக்காக ஒரு வார்த்தை: கிரீன் கார்டு உள்ளவர்கள் வாங்கலாம். எச்1பி போன்ற விசாவில் இருப்பவர்களுக்குக் கூட்டரசுச் சட்டம் தடை வைத்திருக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. மாநிலச் சட்டம் தனி. வக்கீலைக் கேட்காமல் இதில் இறங்காதீர்கள்.

ஒன்றே ஒன்று வாங்குவதானால்?

காட்டில் மான் வேட்டைக்கு என்றால் மேயோடனில் செய்த மார்லின் 336, 30-30. போல்ட் வட்டமானது, கூடு பக்கவாட்டில் விழும், ரிசீவரின் மேல்பக்கம் மூடியிருப்பதால் தொலைநோக்கி பொருத்துவது எளிது. பணம் இன்னும் கொஞ்சம் இருந்து, கைவேலையின் அழகும் வேண்டுமென்றால் மிரோகு 94. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 2024-ல் கொண்டுவந்த 1854 மாடல் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இன்னும் சில பருவங்கள் மழையிலும் பனியிலும் அது எப்படித் தாங்குகிறது என்று பார்த்துவிட்டுத்தான் பரிந்துரைப்பேன்.

புதிதாக வந்ததும் எண்ணெய் போட வேண்டுமா?

முதலில் இருக்கும் எண்ணெயை எடுங்கள். தொழிற்சாலையில் பூசுவது துருப்பிடிக்காமல் காக்க. குளிரில் அது பிசின் போல இறுகி ஹேமரின் வேகத்தைக் குறைக்கும். துடைத்துவிட்டு மெல்லிய எண்ணெய் இரண்டு சொட்டு போதும். மார்லினில் லீவர் திருகு ஒன்றைக் கழற்றினால் லீவர், போல்ட், எஜெக்டர் மூன்றும் வந்துவிடும், குழலைப் பின்புறமிருந்தே சுத்தம் செய்யலாம். எஜெக்டர் சின்னத் துண்டு, தரையில் விழுந்தால் கிடைக்காது. கீழே ஒரு துணியை விரித்துக்கொள்ளுங்கள். வின்செஸ்டர் வகையில் போல்ட்டைக் கழற்றுவது பெரிய வேலை என்பதால் முனையிலிருந்துதான் கம்பியை விட வேண்டும். கம்பி முனை வட்டத்தில் உரசாமலிருக்கப் பித்தளை வழிகாட்டி வளையம் ஒன்று கிடைக்கிறது, ரைஃபிளோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.